கட்டிலுக்கும் கழிவறைக்கும் இடையில்

(புத்தூரில் முதியோர் ஒன்றுகூடலொன்றில், ஓய்வுபெற்ற தாதிய சகோதரி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தமிழ்நாட்டுக்குப் போய் "எனக்கு ஊர் புத்தூர்" என்று சொல்லிப் பாருங்கள். சென்னையில் நான் அப்படிச் சொன்னபோது ஆட்டோக்காரர் திரும்பி முதலில் என் கையைப் பார்த்தார், பிறகு காலைப் பார்த்தார். "யாருக்கும்மா எலும்பு ஒடஞ்சிருக்கு?" என்றார். திருத்தணிக்கு அப்பால், ஆந்திரப் பக்கத்தில் இன்னொரு புத்தூர் இருக்கிறது. எலும்பு முறிந்தவர்களுக்கு அங்கே பச்சிலையும் முட்டை வெள்ளைக்கருவும் பூசி, மூங்கில் தட்டை வைத்துக் கட்டுவார்கள். அதற்குப் புத்தூர் கட்டு என்று பேர். சென்னைத் தெருக்களில்கூட அந்தப் பேரோடு பலகைகள் தொங்கும். அந்த ஆட்டோக்காரருக்கு எங்கள் புத்தூர் யாழ்ப்பாணத்தில் இருப்பது என்றும், இங்கே வெங்காயமும் புகையிலையும் செம்மண்ணும் என்றும் விளங்கப்படுத்த எனக்கு அரை மணித்தியாலம் பிடித்தது.

அவர்கள் விழுந்தவர்களுக்குக் கட்டுகிறார்கள். நான் இன்றைக்குப் பேச வந்தது விழ இருக்கிறவர்களைப் பற்றி. அதிலும் வீட்டிலோ தோட்டத்திலோ விழுகிறவர்களை விடுங்கள். சுகப்படுத்திக்கொண்டு வரலாம் என்று ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கே விழுகிறவர்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன். "காய்ச்சலுக்குக் கொண்டுபோனம், இடுப்பு முறிஞ்சு வந்தார்" என்று இந்த ஊரில் எத்தனை வீட்டில் கேட்டிருப்பீர்கள்?

ஒரு கதை சொல்கிறேன். ஆஸ்பத்திரியின் பேர் வேண்டாம், அது குடாநாட்டில்தான். 2011ஆம் ஆண்டு. எனக்கு இரவு வேலை. இந்தப் பக்கத்து ஐயா ஒருவர், எழுபத்தாறு வயது, புகையிலைத் தோட்டக்காரர். நிமோனியாக் காய்ச்சலோடு வந்தவர் மூன்றாம் நாள் நன்றாகத் தேறிவிட்டார். பாண் சாப்பிட்டார், பத்திரிகை கேட்டார். கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. மூத்திரம் அடைக்கிறது என்று அன்று மாலைதான் புதிதாக ஒரு குளிசை எழுதியிருந்தார்கள். பத்து மணிக்கு நான் அவரிடம் போய், "ஐயா, இரவில எழும்ப வேணுமெண்டால் என்னைக் கூப்பிடுங்கோ, தனிய எழும்பாதேங்கோ" என்றேன். "ஓம் பிள்ளை" என்றார்.

இரண்டு மணி கடந்து பத்து நிமிடம் இருக்கும். வாட்டின் மறுமுனையில் ஒருவருக்கு மூச்சு முட்டியது. நானும் மற்றத் தாதி மிஸ்ஸியும் அங்கே ஒட்சிசனோடு நின்றோம். அப்போதுதான் சத்தம் கேட்டது. முதலில் சேலைன் கம்பி விழுந்த சத்தம். பிறகு, அதைவிட மெல்லிய ஒரு சத்தம். தாதியாக இருந்தவர்களுக்கு அந்த இரண்டாவது சத்தம் தெரியும்.

லைற் எரிந்துகொண்டுதான் இருந்தது. தரையும் காய்ந்துதான் இருந்தது. அவரைத் தூக்கும்போது, "ஏன் ஐயா கூப்பிடேல்லை?" என்று கேட்டேன். அழுகையும் கோபமும் எனக்கு. அவர் சொன்னார்: "பிள்ளை, நீ அங்கை ஓடித்திரிஞ்சனி. அதுக்குள்ளை நான் வேறை உனக்குக் கரைச்சல் தரவோ எண்டு யோசிச்சன்."

தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்திருந்தது. சத்திரசிகிச்சை செய்தார்கள். பிறகு அவர் தோட்டத்துக்குப் போகவேயில்லை. அடுத்த போகத்துக்கு மகன்தான் கன்று நட்டார். ஏழு மாதத்தில் ஐயா போய்ச் சேர்ந்தார். இது அவருக்கு மட்டும் நடந்ததும் இல்லை. இடுப்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவர், சில நாடுகளின் கணக்கில் நான்கில் ஒருவர், ஓராண்டுக்குள் இறந்துபோகிறார்கள். உலகம் முழுவதும் ஆண்டுக்கு 684,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. தற்செயலாக நேரும் காயங்களால் வருகிற சாவுகளில் வீதி விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

அந்த ஐயாவை விழுத்தியது எது என்று நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். குளிசையும் ஒரு காரணம், சேலைன் கம்பியும் ஒரு காரணம். ஆனால் அவரைக் கூப்பிடவிடாமல் தடுத்தது அவருடைய நல்ல பழக்கம். மற்றவருக்குக் கரைச்சல் கொடுக்கக்கூடாது என்று சின்ன வயதில் தாய் சொல்லிக் கொடுத்த பழக்கம்.

இது யாழ்ப்பாணத்தான் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் செயின்ற் லூயிஸ் என்ற நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே விழுந்த 183 நோயாளர்களை ஒவ்வொருவராக விசாரித்து 2004இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதில் பாதிப்பேர் விழுந்தது மலசலத்துக்குப் போகிற, இருக்கிற, திரும்புகிற வேளையில். 79 வீதமானவர்கள் விழுந்தபோது பிடித்துத் துணைசெய்ய ஒருவரும் இல்லை. 59 வீதம் மாலையிலும் இரவிலும். என் முப்பது வருட அனுபவத்தை யாரோ கடல் கடந்து போய் எண்ணிப் பார்த்ததுபோல எனக்கு இருந்தது.

எங்கள் ஊரில் இன்னும் ஒன்று கூடுதலாக இருக்கிறது: கூச்சம். துலா மிதித்த தலைமுறை இது. கிணற்றுக்கு மேலே ஆடுகிற மரத்தில், பிடிக்க ஒன்றுமில்லாமல், முன்னும் பின்னும் நடந்து தோட்டம் முழுவதற்கும் தண்ணீர் இறைத்த கால்கள். அந்தக் கால் இருபதடி தூரத்துக் கக்கூசுக்குத் துணை கேட்குமா? பேரப்பிள்ளை வயதுள்ள ஒரு பெண்ணிடம் "எனக்கு மூத்திரம் வருகுது, கையைப் பிடி" என்று ஒரு அப்பு சொல்வாரா? ஆச்சிமார் நிலைமை இன்னும் மோசம். திரைச்சேலை இல்லாத வாட்டில் பெட்பான் வைக்கச் சம்மதிக்கமாட்டார்கள். சிற்றூழியர் ஆண்பிள்ளையாக இருந்தால் விடியுமட்டும் அடக்கிக்கொண்டு கிடப்பார்கள். அடக்கி அடக்கி, கடைசியில் அவசரத்தில் எழும்பி ஓடுவார்கள். அந்த ஓட்டத்தில்தான் விழுவார்கள். இதனால்தான் பின்னேரத்தில் இருந்தே தண்ணீர் குடிக்காமல் விடுகிற ஆச்சிமாரை எனக்குத் தெரியும். தண்ணீர் குறைந்தால் பிரசர் இன்னும் இறங்கும், தலை இன்னும் சுற்றும்.

கழிவறை ஏன் அவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று எப்போதாவது யோசித்தீர்களா? எங்கள் பழைய ஆஸ்பத்திரிகளின் வாட்டை நினைத்துப் பாருங்கள். நீளமான மண்டபம், இரண்டு பக்கமும் கட்டில், இரண்டு பக்கமும் யன்னல், கடைசி முனையில் கக்கூசு. இது புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் பரப்பிய வடிவம். 1871இல் திறந்த லண்டன் சென் தோமஸ் ஆஸ்பத்திரி அந்த மாதிரியில் கட்டியது. அந்தக் காலத்தில் நோய் கெட்ட காற்றால், நாற்றத்தால் பரவுகிறது என்று நம்பினார்கள். ஆகவே நாற்றம் வருகிற அறையை நோயாளியிடமிருந்து எவ்வளவு தூரம் தள்ளலாமோ அவ்வளவு தூரம் தள்ளினார்கள். காற்றால் நோய் வருகிறது என்ற அந்த எண்ணம் போய் நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. கக்கூசு மட்டும் அந்த முனையிலேயே நிற்கிறது. அம்மையாரைக் குறை சொல்லவில்லை. அந்த மண்டபத்தில் ஒரு நன்மையும் உண்டு, தாதி ஒரு மூலையில் நின்றால் முப்பது கட்டிலையும் பார்க்கலாம். இப்போது காசு கட்டிப் போகிற தனி அறை ஆஸ்பத்திரிகளில் அதுவும் இல்லை. கதவைச் சாத்திவிட்டால் உள்ளே விழுந்தவர் விடியுமட்டும் கிடக்கலாம்.

இனி அந்தக் கழிவறைக்குள் போவோம். குந்துகிற கோப்பை. முழங்கால் வாதம் உள்ளவர் குந்துவார், எழும்பமாட்டார். பிடிக்கக் கம்பி இல்லாவிட்டால் தண்ணீர்க் குழாயைப் பிடிப்பார். நாங்கள் தண்ணீரால் கழுவுகிற சனம், ஆகவே தரை எப்போதும் ஈரம். ரைல்ஸ் போட்டுப் பளபளப்பாக்கிவிட்டோம் என்று பெருமைப்படுகிறோம், பழைய கரடுமுரடான சீமெந்து இதைவிட நல்லது. கதவு உள்பக்கம் திறக்கிறது, உள்ளே கொண்டி. விழுந்தவரின் உடம்பே கதவை மறித்துக் கிடக்க, வெளியே நின்று நாங்கள் தள்ளிய நாட்களும் உண்டு. கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்ற ஒரு தச்சருக்கு அரை நாள் போதும். சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி பொருத்தவும் பெரிய செலவில்லை. வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்து ஆஸ்பத்திரிக்கு ஏதாவது செய்ய விரும்புகிற பிள்ளைகள் கணினியும் இயந்திரமும் கொடுக்கிறார்கள். நன்றி. அடுத்த முறை கைப்பிடிக் கம்பியும் கொஞ்சம் வாங்கிக் கொடுங்கள். பேர் பொறிக்க அதில் இடம் குறைவு, அது ஒன்றுதான் குறை.

குளிசையைப் பற்றி இரண்டு வார்த்தை. படுத்திருந்து எழும்பும்போது இரத்தம் காலுக்கு இறங்குகிறது. இளமையில் உடம்பு உடனே அதை மேலே தள்ளிவிடும். வயது போனால் தாமதமாகும். எழுந்து மூன்று நிமிடத்துக்குள் மேல் பிரசர் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அதை ஒரு வருத்தமாகவே மருத்துவர்கள் எடுக்கிறார்கள். பிரசர்க் குளிசை, மூத்திர அடைப்புக்குக் கொடுக்கிற பிரசோசின், நித்திரைக் குளிசை, நரம்பு நோவுக்கு அமிற்றிப்ரிலின், தடிமனுக்கு நாங்களே கடையில் வாங்கிப் போடுகிற பிரிற்றன் எல்லாமே இதைக் கூட்டும், அல்லது தலையை மந்தமாக்கும். பிரசோசினின் முதல் குளிசை போட்ட இரவுதான் மிகவும் கவனிக்க வேண்டிய இரவு. தண்ணீர் போகிற குளிசையின் இரண்டாவது நேரத்தை இரவுக்கு வைக்காமல் பின்னேரம் 2 மணியளவில் வைக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். கேட்டால் ஒருவரும் கோபிக்கமாட்டார்கள்.

நான் என் நோயாளிகளுக்குச் சொன்ன வைத்தியம் ஒன்று. எழும்ப வேண்டுமென்றால் முதலில் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு இருங்கள். மனதுக்குள் ஒரு தேவாரம் முழுவதும் சொல்லுங்கள். வேதக்காரர் என்றால் பரமண்டல செபத்தை ஆறுதலாகச் சொல்லுங்கள். முடிந்த பிறகு தலை சுற்றவில்லை என்றால் எழும்புங்கள். "ஒரு நிமிடம் இருங்கோ" என்று சொன்னால் ஒருவரும் இருக்கமாட்டார்கள். தேவாரத்தை நடுவில் விடமாட்டார்கள்.

யார் விழுவார் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க ஓர் அளவுகோல் உண்டு. கனடாவில் வேலை செய்த ஜனிஸ் மோர்ஸ் என்ற தாதியர் துறைப் பேராசிரியை 1989இல் வெளியிட்டது. முன்பு விழுந்திருந்தால் 25 புள்ளி, சேலைன் ஏறினால் 20, தளபாடத்தைப் பிடித்துப் பிடித்து நடந்தால் 30 என்று ஆறு கேள்விகள். எனக்கு அந்த அம்மாவில் மரியாதை உண்டு, ஏனென்றால் சேலைன் கம்பியோடு நடப்பது எவ்வளவு ஆபத்து என்று எண்ணால் எழுதிக் காட்டினார். ஆனால் அந்த அளவுகோல் ஆஸ்பத்திரிகளில் என்ன ஆனது? புள்ளியைக் கூட்டி எழுதுவதே வேலையாகிவிட்டது. எழுதி முடித்துவிட்டு நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் போகிற தாதியர் எல்லா நாட்டிலும் உண்டு. 2013இல் இங்கிலாந்தின் வழிகாட்டி இந்தப் புள்ளிக் கணக்கையே விடச் சொன்னது. 65 வயதைத் தாண்டி வாட்டில் படுத்திருக்கிற எல்லோரையும் விழக்கூடியவர் என்றே எடுத்து, ஒவ்வொருவருக்கும் என்ன குறை என்று பாருங்கள் என்றது. எனக்கு இது சரியாகப் படுகிறது.

வேறு என்னவெல்லாம் செய்து பார்த்தார்கள்? கட்டிலில் இருந்து எழும்பினால் மணி அடிக்கிற கருவி. அமெரிக்காவில் 16 வாட்டுகளில் பரிசோதித்து 2012இல் எழுதினார்கள்: மணி அடித்தது, விழுவது குறையவில்லை. மணி கேட்டுத் தாதி ஓடிவருமுன் மனிதர் தரையில். அவுஸ்திரேலியாவில் 24 வாட்டுகளில் எச்சரிக்கைப் பலகை, தாழ்ந்த கட்டில், மணி என்று ஆறு வேலைகளைச் சேர்த்துச் செய்தார்கள். 2016இல் முடிவு வந்தது. அதுவும் குறைக்கவில்லை.

கட்டிலின் இரு பக்கக் கம்பியை உயர்த்திவிட்டால் பத்திரம் என்று உறவினர் நினைப்பார்கள். காய்ச்சலிலோ மருந்திலோ மாறாட்டமாக இருக்கிறவருக்கு அந்தக் கம்பி ஒரு வேலி. வேலி என்றால் எங்கள் ஆட்கள் ஏறிக் கடப்பார்கள். இரண்டடியில் விழ இருந்தவர் நாலடியில் இருந்து விழுவார்.

பிறகு அந்தக் கட்டு. எலும்புக்குப் போடுகிற கட்டைச் சொல்லவில்லை. மாறாட்டமான நோயாளியின் கையைப் பண்டேஜ் துணியால் கட்டில் கம்பியோடு கட்டுகிற கட்டு. நானும் கட்டியிருக்கிறேன். இந்த மேடையில் அதை மறைக்க விருப்பமில்லை. ஆள் குறைவு, இரவு, என்ன செய்வது என்று கட்டினேன். கட்டப்பட்டவர் இன்னும் பயந்து, இன்னும் முறுகி, கட்டை அறுத்துக்கொண்டு விழுந்ததையும் கண்டேன். ஒரு மகளோ மகனோ பக்கத்தில் இருந்து கையைப் பிடித்து, "அப்பா, நாங்கள் ஆஸ்பத்திரியில நிக்கிறம், விடிஞ்சாப்பிறகு வீட்டை போவம்" என்று சொன்னால் அடங்கிவிடுகிறவரை நாங்கள் துணியால் கட்டினோம்.

கட்டாமலே கட்டுவதும் உண்டு. "விழுந்திடுவியள், எழும்பாதேங்கோ" என்று பத்து நாள் படுக்கவைப்பது. 2007இல் அமெரிக்காவில், சராசரி 67 வயதுள்ள, நோய் நொடியில்லாத சிலரைப் பத்து நாள் கட்டிலில் படுக்கவைத்துப் பார்த்தார்கள். கால்களில் இருந்து ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. இது சுகதேகிகளுக்கு. நிமோனியாவில் கிடக்கிறவருக்கு எவ்வளவு என்று நீங்களே யோசியுங்கள். ஆஸ்பத்திரியில் விழாமல் காப்பாற்றி, வீட்டு முற்றத்தில் விழ அனுப்பிவைக்கிறோம். பகலில், துணையோடு, கொரிடோரில் நடக்கவிட வேண்டும். அதற்கு ஆள் வேண்டும், ஆள் இல்லை. இதை யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவர்களுக்குப் பலமுறை எழுதியிருக்கிறேன்.

பலன் கொடுத்தது எது என்றால், சொன்னால் சிரிப்பீர்கள். நோயாளியோடு இருந்து கதைத்தது. மேற்கு அவுஸ்திரேலியாவில் எட்டு மறுவாழ்வு வாட்டுகள். விளங்கிக்கொள்ளக்கூடிய நோயாளர்களுக்கு ஒருவர் பக்கத்தில் இருந்து, நீங்கள் ஏன் விழக்கூடும், எப்போது விழக்கூடும், என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டுக் கதைத்தார். அவர்கள் சொன்னதைத் தாதியருக்கும் சொன்னார். 2015இல் வந்த கணக்கு: சாதாரண காலத்தில் 1000 நோயாளி நாட்களுக்கு ஏறத்தாழ 14 விழுகை, இப்படிக் கதைத்த காலத்தில் 8. பொஸ்ரனிலும் நியூயோர்க்கிலும் பற்றீசியா டைக்ஸ் என்ற தாதி ஆய்வாளரின் குழு கட்டில் தலைமாட்டில் ஒரு தாளை ஒட்டியது. அந்தத் தாளைத் தாதி தனியாக நிரப்பக்கூடாது, நோயாளியும் வீட்டாரும் சேர்ந்து நிரப்ப வேண்டும். இவருக்குப் பொல்லு வேண்டும், இவரை இத்தனை மணித்தியாலத்துக்கு ஒருமுறை கழிவறைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று படத்தோடு. 14 வாட்டுகளில் விழுவது 15 வீதமும், விழுந்து காயப்படுவது 34 வீதமும் குறைந்ததாக 2020இல் எழுதினார்கள். மணியும் பலகையும் செய்யாததை ஒரு தாள் செய்தது. நான் அந்த ஐயாவிடம் "கூப்பிடுங்கோ" என்று உத்தரவு போட்டேனே தவிர, "இரவில எத்தினை மணிக்கு எழும்புவியள், நான் வேலையா நிண்டா என்ன செய்வியள்?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டு மணிக்கு என்று சொல்லியிருப்பார். நான் ஒன்றரைக்குப் போயிருப்பேன்.

அந்த இரவுக்குப் பிறகு என்னிடம் விளக்கக் கடிதம் கேட்டார்கள். "கடமையில் கவனக்குறைவு ஏன்?" என்று. எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு பல மாதம், யாராவது வழுக்கி இருந்துவிட்டால், காயமில்லை என்றால், புத்தகத்தில் எழுதாமல் விட்டோம். எல்லா வாட்டிலும் அப்படித்தான். எழுதினால் கடிதம் வரும். எழுதாவிட்டால் எந்த மூலையில், எந்த நேரத்தில் விழுகிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. கடிதம் கேட்கிற அதிகாரிகள் இந்தக் கூட்டத்தில் இருந்தால், முதல் கேள்வியை "யார் வேலையில் நின்றது?" என்று கேட்காமல், "கழிவறை லைற் எரிந்ததா?" என்று கேளுங்கள்.

எங்களிடம் இல்லாததைப் பற்றியே பேசிவிட்டேன். இருக்கிறதும் உண்டு. இங்கே மெதடிஸ்த மிஷன் ஆஸ்பத்திரி இருக்கிறது, அச்சுவேலியிலும் கோப்பாயிலும் அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது. சின்ன இடங்களில் மிஸ்ஸிக்கு நோயாளியின் தகப்பன் பேரும் தெரியும். பெரிய வருத்தம் என்றால் 750ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ மந்திகை ஆஸ்பத்திரிக்கோ போகிறோம். அங்கே உங்கள் அப்பா ஒரு கட்டில் இலக்கம். அவரை மனிதராக அறிந்தவர் நீங்கள் மட்டும்தான். 2012 குடிசன மதிப்பீட்டிலேயே இலங்கையில் 60 வயதைத் தாண்டியவர்கள் 12.4 வீதம். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுபோய்ச் சேர்க்கிற முதியவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர் என்று நான் சொல்லத் தேவையில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற பையில் துவாய், பேணி, சவர்க்காரம் எல்லாம் வைப்பீர்கள். மூக்குக்கண்ணாடியை மறந்துவிடுவீர்கள். தேய்ந்த பாட்டாவைக் கொடுத்துவிடுவீர்கள். குதியைப் பிடிக்கிற, அடி தேயாத செருப்பாகக் கொடுங்கள். சாரம் நிலத்தில் இழுபடாத நீளத்தில் இருக்கட்டும். வீட்டில் பொல்லோடு நடக்கிறவர் என்றால் பொல்லையும் கொண்டுபோங்கள். "வாட்டில பொல்லோட நிண்டா என்ன நினைப்பினம்" என்று அவர் சொல்வார், கேட்காதீர்கள். கட்டில் சில்லுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறதா என்று காலால் தள்ளிப் பாருங்கள். தண்ணீர்ப் போத்தல் கை எட்டுகிற பக்கத்தில் இருக்கட்டும். பின்னேரம் பார்வை நேரம் முடிந்து புறப்படுமுன் அவரை ஒருமுறை கழிவறைக்குக் கூட்டிப்போய் வந்து படுக்கவையுங்கள். இரவு முழுவதும் ஓடப்போகிற அந்த மிஸ்ஸிக்கு நீங்கள் செய்கிற பெரிய உதவி அது.

அதோடு, வாசலால் வெளியேறுமுன் அந்த மிஸ்ஸியைத் தேடிப் பிடியுங்கள். அப்பாவின் வருத்தம் என்ன என்று அவருக்குத் தெரியும், அதைச் சொல்லத் தேவையில்லை. அப்பா இரவில் எத்தனை மணிக்கு எழும்புவார், எந்தப் பக்கத்தால் இறங்குவார், கூப்பிடச் சொன்னால் கூப்பிடுவாரா மாட்டாரா என்பதை மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள்.